யார் வார்த்தையும் வேண்டாம்

எங்கள் ஆய்வகத்தின் கூட்ட அறைச் சுவரில் பித்தளை எழுத்துகளில் மூன்று சொற்கள் இருக்கின்றன: நுல்லியுஸ் இன் வெர்பா. லத்தீன். டைரக்டர் வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய் வந்தபோது இந்த ஆசை அவருக்குத் தொற்றிக்கொண்டது. மற்றவர்கள் வெளிநாடு போனால் சாக்லேட் வாங்கி வருவார்கள், ஆளுக்கொன்று கிடைக்கும். இவர் கொள்கை வாங்கி வந்தார்.

பித்தளையோடு விட்டாரா? லெட்டர்பேடில் அது, டீ குடிக்கிற கோப்பையில் அது, கழுத்தில் மாட்டுகிற அடையாள அட்டையின் ரிப்பனில் அது. வண்டி ஓட்டுகிறவர் ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். வாசல் காவலாளி, "டைரக்டரோட மாமனார் பேரா இருக்கும் மேடம், அவர்தானே இவருக்கு இந்த நாற்காலியை வாங்கிக் குடுத்தவர்" என்றார். இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டுத்தான் டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, ஆண்டு மலருக்கு அந்தச் சொற்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். எனக்கு எழுத வரும் என்று யாரோ அவரிடம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

எழுதினேன். நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு தேடிப் பிடித்து எழுதினேன். "யாருடைய வார்த்தையையும் கொண்டு அல்ல" என்பது அதன் நேர்ப்பொருள். பழைய ரோமில் படைவீரர்கள், மேலே இருப்பவர் சொல்லித் தருகிற வார்த்தைகளின் மேல் சத்தியம் செய்வார்களாம். நான் எந்த எஜமானின் வார்த்தைக்கும் அப்படிக் கட்டுப்பட்டவன் இல்லை என்று அந்தக் காலத்தில் ஒருவர் எழுதி வைத்தார். அதிலிருந்து மூன்று சொற்களைக் கிள்ளியெடுத்து, சுமார் முந்நூற்று அறுபது வருஷத்துக்கு முன்னால் லண்டனில் கூடிய ஓர் அறிவியல் சங்கம் தன் கொள்கையாக வைத்துக்கொண்டது. பெரிய மனிதர் சொன்னார், பழைய புத்தகம் சொன்னது என்பதெல்லாம் செல்லாது, செய்து காட்டு, கண்ணால் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். இப்போது இணையத்தில் இதே மூன்று சொற்களைப் பிடித்துக்கொண்டு, எந்த டாக்டரையும் நம்பாதே, எல்லாம் பொய் என்று கூச்சல் போடுகிற கூட்டமும் இருக்கிறது. அவர்களையும் ஒரு பிடி பிடித்திருந்தேன். இது யாரையும் நம்பாதே என்று சொல்லவில்லை, நம்புவதற்கு முன்னால் நீயே ஒரு தடவை எண்ணிப் பார் என்றுதான் சொல்கிறது என்று முடித்திருந்தேன். தலைப்பு: யார் வார்த்தையும் வேண்டாம். அண்ணன் படித்துவிட்டு, "பிரமாதம்மா, பின்னிட்டே" என்றார். அவர் முழுசாகப் படித்தாரா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என்னோடு பதினேழு வருஷம் ஒரே மேசையில் உட்கார்ந்தவர். என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். என் கல்யாணத்தில் பந்தல் வேலை பார்த்தவர், என் அப்பா போனபோது என் பக்கத்தில் நின்றவர். எனக்கு இரண்டு தம்பிகள் உண்டு. அவர்களை அழைத்ததைவிட இந்த மனிதரை அண்ணே அண்ணே என்று அழைத்ததுதான் அதிகம்.

எங்கள் வேலை குடிதண்ணீர்ச் சோதனை. ஊருக்குள் நாற்பது மேல்நிலைத் தொட்டிகள். ஒவ்வொன்றிலிருந்தும் வாரம் ஒரு பாட்டில் தண்ணீரை, பாட்டில் அக்கா என்று நாங்கள் கூப்பிடுகிறவள் பிடித்து வருவாள். அதில் துளி எடுத்து, கண்ணாடித் தட்டில் கிருமி வளர்க்கிற கூழில் ஊற்றி, சூட்டுப் பெட்டிக்குள் இரண்டு நாள் வைப்போம். தண்ணீரில் ஒரு கிருமி இருந்தால் தட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி முளைக்கும். புள்ளிகளை எண்ண வேண்டும். நூறுக்குள் இருந்தால் அந்தத் தொட்டியைத் திறக்கலாம். நூறைத் தாண்டினால் பூட்டிவிட்டு மருந்து போட வேண்டும். அவ்வளவுதான் தொழில். ஊரே குடிக்கிற தண்ணீர் எங்கள் இரண்டு பேரின் கண்ணில் தொங்குகிறது.

இரண்டு பேர் என்பதுதான் முக்கியம். ஒரு தட்டை முதலில் நான் எண்ணுவேன். எண்ணும்போது கையில் கிளிக்கர் இருக்கும். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் அதன் சின்ன ஜன்னலில் ஒரு எண் கூடும். எண்ணி முடித்ததும் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, நாலாக மடித்து, தகர டப்பாவின் துளைக்குள் போடுவேன். அப்புறம் தட்டை அண்ணனிடம் தள்ளுவேன். என் எண் தெரியாமல் அவர் தனியாக எண்ணி, தன் சீட்டைப் போடுவார். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து டப்பாவைத் திறந்து, இரண்டு எண்ணையும் பதிவேட்டில் ஏற்றுவோம். ஒருவர் கண் தப்பினால் இன்னொருவர் கண் பிடிக்கும். பித்தளை எழுத்து வருவதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் மேசையில் அந்தக் கொள்கை இருந்தது.

எங்கள் எண்கள் ஒத்துப்போகிற அழகை ஊரே பேசும். நான் அறுபத்திரண்டு என்றால் அண்ணன் அறுபத்தொன்று. நான் முப்பத்தைந்து என்றால் அவர் முப்பத்தாறு. எப்போதோ ஒரு சில நாள் தவிர, இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்ததாக எனக்கு நினைவில்லை. தலைமை அலுவலகம் அதற்கென்றே ஒரு சான்றிதழ் கொடுத்தது. சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள், நுல்லியுஸுக்கு நேர் கீழே. "ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி எண்ணுறாங்கப்பா" என்பார் டைரக்டர். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கிழக்குத் தொட்டித் தண்ணீரைக் குடித்து நூற்றுமுப்பது பேர் வாந்தியும் பேதியுமாகப் படுத்தார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் போட்டுக் குழந்தைகளைக் கிடத்தியிருந்ததைச் செய்தியில் காட்டினார்கள். அந்த வாரம் கிழக்குத் தொட்டிக்கு நாங்கள் கொடுத்த எண் பதிவேட்டில் இருந்தது. என்னுடையது எண்பத்தெட்டு. அண்ணனுடையது எண்பத்தேழு. நூறுக்குள். திறக்கலாம் என்று முத்திரை குத்தியிருந்தோம்.

டைரக்டர் இரண்டு எண்ணையும் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒரே எண் வந்திருக்கிறது, ஆகவே எண்ணிக்கையில் தப்பில்லை, ஆகவே பாட்டிலில் வந்த தண்ணீர் அந்தத் தொட்டித் தண்ணீர் இல்லை, ஆகவே பாட்டில் அக்கா தொட்டி மேல் ஏறாமல் வேறெங்கோ குழாயில் பிடித்துக் கொண்டுவந்துவிட்டாள். இப்படி ஆகவே மேல் ஆகவே அடுக்கி அவள் தலையில் இறக்கிவிட்டார். வேலையை விட்டுத் தூக்குவது மட்டுமில்லை, போலீஸில் புகார் கொடுப்பதாகவும் பேச்சு. விசாரணை வெள்ளிக்கிழமை என்று உத்தரவு வந்தது.

பாட்டில் அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். பதினொரு வருஷமாகத் தொட்டி தொட்டியாக ஏறி இறங்கி எங்களுக்குத் தண்ணீர் பிடித்து வருகிறவள். கிழக்குத் தொட்டிக்கு எண்பத்துநாலு படி. அவளுக்கு முட்டி வலி இருப்பது ஊரறிந்த விஷயம். அதுவே அவளுக்கு எதிராக நின்றது. செவ்வாய்க்கிழமை என் மேசைக்கு வந்து நின்றாள்.

"மேடம், நான் ஏறினேன். உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினேன், ஆனா ஏறினேன். மேல மூடியைத் திறந்து நானே மொண்டேன். நீங்களாவது நம்புங்க."

"விசாரணையில சொல்லுங்கக்கா" என்றேன். வேறென்ன சொல்வது? எண்பத்தெட்டு என்று எண்ணியது நானாயிற்றே. என் எண்ணை நம்பினால் இவளைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அவள் போகவில்லை. "என் பொண்ணு வீடு கிழக்குலதான் இருக்கு மேடம். என் பேரனும் அந்த வராந்தாவுலதான் கிடந்தான். அவன் குடிக்கிற தண்ணியில நான் பித்தலாட்டம் பண்ணுவேனா?"

அவள் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேசையறையைத் திறந்து என் குறிப்பு நோட்டை எடுத்தேன். பதிவேட்டில் ஏற்றுவதற்கு முன் நான் கிறுக்கி வைக்கிற நோட்டு அது, வேறு யாரும் தொட மாட்டார்கள். கிழக்குத் தொட்டி என்று எழுதி, எண்பத்தெட்டு என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தேன்.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் நோட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை பார்த்தேன். புள்ளிகள் பொடிப்பொடியாக நெருக்கி முளைத்திருந்தால், தட்டின் அடியில் பேனாவால் நடுக்கோடு போட்டு, பாதியை மட்டும் எண்ணி இரண்டால் பெருக்குவது என் வழக்கம். அப்படிப் பாதி எண்ணினால் நோட்டில் ஒரு பென்சில் கோடு போடுவேன். பெருக்கியதும் அதன் குறுக்கே இன்னொரு கோடு. இங்கே குறுக்குக் கோடு இல்லை. தேதியைப் பார்த்தேன். என் வீட்டுக்காரருக்குப் பித்தப்பையில் ஆபரேஷன் நடந்த நாள். ஒரு கண் தட்டிலும் ஒரு கண் போனிலுமாக உட்கார்ந்திருந்தேன். ஆபரேஷன் முடிந்தது, நல்லபடியாக இருக்கிறார் என்று போன் வந்ததும் எண்ணை அப்படியே சீட்டில் எழுதிப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன். டப்பாவை மறுநாள்தான் திறந்தோம்.

எண்பத்தெட்டு பாதிதான். முழுசு நூற்றெழுபத்தாறு. பூட்ட வேண்டிய தொட்டியை நான் திறந்துவிட்டிருக்கிறேன். நூற்றுமுப்பது பேர். பாட்டில் அக்காவின் பேரன்.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. சரி, நான் பாதியை எண்ணினேன், பெருக்க மறந்தேன். அண்ணன் முழுத் தட்டையும்தானே எண்ணியிருப்பார்? முழுத் தட்டை எண்ணினவருக்கு எப்படி எண்பத்தேழு வந்தது?

மறுநாள் காலை வழக்கம்போல் முதல் தட்டை எண்ணினேன். அறுபத்தொன்று. சீட்டில் அறுபத்தொன்று என்று எழுதி, நாலாக மடித்து, டப்பாவில் போட்டேன். பிறகு யாரும் பார்க்காதபோது கிளிக்கரை மேலும் இருபத்துமூன்று தடவை அழுத்தினேன். ஜன்னலில் எண்பத்துநாலு நின்றது. தட்டையும் கிளிக்கரையும் அண்ணன் பக்கம் தள்ளினேன்.

இரண்டு பேருக்கும் ஒரே கிளிக்கர். அதை எடுக்கிறவர்தான் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும், வைக்கிறவர் இல்லை. இது எங்கள் ஆய்வகத்தில் யார் எப்போது போட்ட வழக்கமோ, பதினேழு வருஷமாக அப்படித்தான். சீட்டை நாலாக மடித்தேன், டப்பாவுக்குப் பூட்டுப் போட்டேன், தட்டில் நான் வைத்த பேனாப் புள்ளிகளைக்கூட ஸ்பிரிட் வைத்துத் துடைத்துக் கொடுத்தேன். ஆனால் அந்த எண்ணை ஜன்னலோடு எடுத்து அவர் கையிலேயே கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கோட்டைவிடலை எங்கே போய்ச் சொல்ல?

அண்ணன் தட்டை விளக்கடியில் வைத்துக் குனிந்தார். டிக், டிக், டிக் என்று சத்தம் வந்தது. எத்தனை வருஷமாகக் கேட்ட சத்தம். சாயங்காலம் டப்பாவைத் திறந்தோம். அவர் சீட்டில் எண்பத்தைந்து என்று இருந்தது.

"என்னம்மா, இன்னிக்கு இவ்வளவு வித்தியாசம்?" என்று சிரித்தார். "உனக்கு அறுபத்தொண்ணா? கண்ணைச் செக் பண்ணிக்கோ."

நான் சிரிக்கவில்லை. குறிப்பு நோட்டைத் திறந்து வைத்தேன், கிளிக்கரைப் பக்கத்தில் வைத்தேன், நடந்ததைச் சொன்னேன். அண்ணனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"எத்தனை வருஷமா அண்ணே?"

"ஆரம்பத்துல கொஞ்ச நாள் எண்ணினேன்மா. சத்தியமா எண்ணினேன். அப்புறம் பார்த்தா நீ சொல்றது எப்பவும் சரியாத்தான் இருக்கு. நீ எண்ணினதை நான் எதுக்கு மறுபடி எண்ணணும்? உன்மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை."

"அந்த டிக் டிக்?"

அவர் கிளிக்கரை எடுத்து ஜன்னலைக் கவிழ்த்து வைத்தார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் வெறும் கிளிக்கரை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறார். பதினேழு வருஷம் எனக்காக ஒரு நாடகம். எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அண்ணன் என்று கூப்பிட்ட வாயால் கண்டதையும் சொல்லித் திட்டினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

கடைசியில், "நான் வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் சொல்லப் போறேன்" என்றேன். "என் தப்பையும், உங்க தப்பையும். பாட்டில் அக்காவைப் பலி குடுக்க என்னால முடியாது."

"சொல்லணும்மா. சொல்லத்தான் வேணும்." அவர் கண் கலங்கியிருந்தது. "ஒரே ஒரு உதவி பண்ணு. என்னோட பங்கை என் வாயால நானே சொல்லிடறேன். நீ சொல்லி மாட்டிக்கிட்ட மாதிரி வேணாம். ரிட்டயர் ஆக அஞ்சு மாசம் இருக்கு, கொஞ்சம் கௌரவமா இருக்கட்டும். இந்தச் சீட்டையெல்லாம் வச்சுக்கிட்டு என்னைத் திருடன் மாதிரி நிறுத்தாத. அண்ணன் சொல்றேன்ல?"

அண்ணன் சொன்னார். போதாதா எனக்கு? அவர் முன்னாலேயே இரண்டு சீட்டையும் கிழித்துப் போட்டேன். தட்டைக் கிருமி கொல்லுகிற கொதிகலனுக்கு அனுப்பினேன். அன்றைய பதிவேட்டில் அந்தத் தட்டுக்கு நேரே, உடைந்துவிட்டது என்று எழுதினோம். ஆண்டு மலரில் ஒரு பக்கம் முழுக்க யார் வார்த்தையும் வேண்டாம் என்று எழுதிய மகராசி நான்தான்.

வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். நரைத்த தலை, சிக்கனமான பேச்சு. அவருக்கு ஒரு பக்கம் டைரக்டர், எதிரே நானும் அண்ணனும். பாட்டில் அக்கா கதவோரம் நின்றாள். நாற்காலி போடச் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. என் நாற்காலியை இழுத்துக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டேன்.

முதலில் நான் பேசினேன். குறிப்பு நோட்டைக் காட்டினேன். பாதி எண்ணியதையும் பெருக்க மறந்ததையும் மறைக்காமல் சொன்னேன். பாட்டிலில் வந்தது கிழக்குத் தொட்டித் தண்ணீர்தான், தப்பு என்னுடையது என்றேன். "இரண்டாவது எண் எப்படி வந்துச்சுன்னு அண்ணன் சொல்வார்" என்று நிறுத்தினேன்.

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"பாவம் மேடம், இவங்க வீட்டுக்காரருக்கு அன்னிக்குத்தான் ஆபரேஷன். அதுலேருந்து மனசு சரியில்ல. எதைப் பார்த்தாலும் தன் தப்புன்னு தோணுது. பென்சில் கோடு ஆயிரம் இருக்கும் அந்த நோட்டுல. நான் முழுத் தட்டையும் என் கண்ணால எண்ணினேன். எண்பத்தேழு. இவங்க எண்ணினதும் சரிதான். எங்க எண்ணிக்கையில குறை கிடையாது."

என் தப்பையே அவர் இல்லை என்று ஆக்கிக்கொண்டிருந்தார். என்னைக் காப்பாற்றுகிற மாதிரி என் வாயை அடைத்தார். ஒரு நொடி எனக்குள்ளேயே ஒரு சபலம் தட்டியது, பொய் சொல்ல மாட்டேன். பேசாமல் இருந்தால் போதும், என் வேலை இருக்கும், என் பெயர் இருக்கும். கதவோரம் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, புதன்கிழமை என்ன சொன்னீங்க?" என்றேன். "கிளிக்கரைப் பார்த்துத்தான் எழுதினேன்னு ஒத்துக்கிட்டீங்கல்ல?"

"நான் எதுக்கும்மா அப்படிச் சொல்லப் போறேன்?" என்றார், குழந்தையிடம் பேசுகிற மாதிரி. "ஆதாரம் ஏதாவது இருந்தா காட்டு."

ஆதாரத்தை அவர் எதிரிலேயே கிழித்துப் போட்டவள் நான். அந்தச் சமயத்தில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. பதினேழு வருஷம் ஏமாற்றியதுகூடச் சோம்பேறித்தனம் என்று விட்டுவிடலாம். புதன்கிழமை கண் கலங்கினாரே, அதை எதில் சேர்ப்பது?

டைரக்டர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்புறம் என்ன? முப்பது வருஷ சர்வீஸ். அண்ணன் சொல்லிட்டார், அவர் வார்த்தையே போதும்."

அவர் தலைக்கு நேர் மேலே பித்தளை எழுத்து பளபளத்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அழுகை வர வேண்டிய இடத்தில் அப்படிச் சிரித்தேன். எனக்கு மூளை கலங்கிவிட்டது என்ற அண்ணனின் பேச்சுக்கு அதுவே சாட்சியாகியிருக்கும். நல்லவேளை, சிரித்தபோது பார்வை கொஞ்சம் கீழே இறங்கிச் சான்றிதழில் விழுந்தது. இருவர் எண்ணிக்கையில் ஆகக் குறைந்த வித்தியாசம் என்று அதில் இருந்தது.

"மேடம், நீங்க எப்பவாவது தட்டு எண்ணியிருக்கீங்களா?" என்று அதிகாரியைக் கேட்டேன்.

"பன்னிரண்டு வருஷம்."

"உங்களுக்கும் கூட எண்ணினவங்களுக்கும் எவ்வளவு வித்தியாசம் வரும்?"

"நூறு புள்ளிக்கு ஏழெட்டு வரும். சில நாள் பத்துக்கு மேலயும் போகும். மனுஷக் கண்தானே."

"பதிவேட்டை எடுங்க. எந்த வருஷம் வேணும்னாலும் எடுங்க. எங்க ரெண்டு பேருக்கும் ரெண்டுக்கு மேல வித்தியாசம் வந்திருக்கான்னு பாருங்க."

அவர் எடுத்தார். ஒரு பக்கம், பத்துப் பக்கம், இன்னொரு வருஷம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அண்ணன், "அது எங்க அனுபவம் மேடம்" என்றார்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி மே மாசம் கிளிக்கர் ரிப்பேருக்குப் போயிருந்தது" என்றேன். "பதினோரு நாள். பேப்பர்ல கோடு போட்டு எண்ணினோம். எண்ணி முடிச்சதும் என் பேப்பரை நான் கிழிச்சுப் போட்டுடுவேன். அதையும் பாருங்க."

அந்தப் பதினோரு நாட்களை எனக்கு நன்றாக நினைவிருந்தது. அண்ணனுக்குத் தினமும் தலைவலி. பாவம் வயசாகிவிட்டது என்று நான்தான் மாத்திரை கொடுத்தேன். அதிகாரி விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தி உரக்கப் படித்தார். எழுபத்திரண்டு, ஐம்பத்தெட்டு. நாற்பது, ஐம்பத்தொன்று. தொண்ணூற்று மூன்று, எழுபத்தொன்பது. பன்னிரண்டாம் நாள் கிளிக்கர் திரும்பி வந்தது. அறுபத்தாறு, அறுபத்தேழு. ஐம்பது, நாற்பத்தொன்பது.

அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. பதிவேட்டை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தன் கழுத்து ரிப்பனைத் திருகிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குப் புரியுதா?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார். "இதை நான் எழுதினா, பதினேழு வருஷத்து எண்ணிக்கை எல்லாமே ஒருத்தர் எண்ணினதுதான்னு ஆகிடும். ஒண்ணுகூடச் செல்லாது. உங்களோடதும் சேர்த்து."

"புரியுது மேடம். எழுதுங்க."

ஜுரத்தோடு வந்து எண்ணிய நாட்கள் உண்டு. பிரசவத்துக்கு முந்தின நாள்வரை குனிந்து எண்ணியிருக்கிறேன். நான் ஒழுங்காக எண்ணியவை அத்தனையும், என் ஒரு பிழையோடு சேர்ந்து ஒரே குப்பைக்குப் போயின. என் உழைப்பை யாரும் திருடவில்லை, அதற்குத் துணை நிற்க வேண்டியவர் நிற்கவே இல்லை, அவ்வளவுதான். ஆனால் திருட்டுக் கொடுத்தவளுக்காவது ஊர் பரிதாபப்படும்.

பாட்டில் அக்காவின் மேல் இருந்த புகார் அன்றைக்கே போனது. அவள் எழுந்து, நாற்காலியை என் பக்கமாகத் தள்ளிவைத்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்? "என் பேரன் நாலு நாள் கண்ணே திறக்கல மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

என்னை மேசையிலிருந்து எடுத்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். காலி பாட்டில்களுக்கு நான் இப்போது பொறுப்பு. அண்ணனைத் தற்காலிக நீக்கம் செய்தார்கள். டைரக்டர் சான்றிதழைக் கழற்றினார், நுல்லியுஸை விட்டுவிட்டார். கழற்றினால் சுவரில் ஓட்டை தெரியுமாம்.

அடுத்த வாரம் தன் சாமான்களை எடுத்துப் போக அண்ணன் வந்தார். ஒரு துணிப்பை, ஒரு பழைய குடை, அந்த டீக் கோப்பை. வாசலுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்ததும் நின்றார். ஒரு மன்னிப்பு கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். ஏதாவது ஒரு வார்த்தை கேட்டால் மனசு இளகிவிடும் என்று எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

அவர் கண்ணில் கோபம். நிஜமான கோபம், நடிப்பே இல்லை. ஏமாந்தவனுக்கு வருகிற கோபம்.

"பதினேழு வருஷம்" என்றார். "உன் எண்ணை ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் சந்தேகப்பட்டிருப்பேனாம்மா? கூடப் பிறந்தவளைக்கூட அப்படி நம்ப மாட்டாங்க. அந்த நம்பிக்கைக்கு நீ எனக்குச் செஞ்சது இதுதானா?"

விசாரணையில் வராத அழுகை அப்போது வந்தது. நடுத்தெரு என்றுகூடப் பார்க்கவில்லை.

"சந்தேகப்பட்டிருக்கலாமே அண்ணே" என்றேன். "ஒரே ஒரு நாள் சந்தேகப்பட்டிருக்கலாமே."

அவருக்கு நான் சொன்னது புரியவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.